உஷார்! பாட்டன் காசுக்கு ‘சர்ட்டிபிகேட்’ கேட்டு வருகிறார்கள்

பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் ஹப்புத்தளைப் பக்கத்து டிவிஷன்களிலும் இருக்கிறவர்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. உங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில், சாமித் தட்டில், பாட்டியின் சுருக்குப் பையில் பழைய வெள்ளிக்காசோ செப்புக்காசோ இருக்கிறதா? அதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டிருக்கிறீர்களா? “பழைய காசு வாங்குகிறோம்” என்ற விளம்பரத்துக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறீர்களா? அப்படியானால் யாருக்கும் ஒரு சதமும் அனுப்புவதற்கு முன் இதை முழுவதும் வாசித்துவிடுங்கள்.

ஏமாற்றுக்காரனின் அழைப்பு எப்படி வரும் என்று சொல்கிறேன். மரியாதையான குரலாக இருக்கும். “அக்கா, ஒங்க காச எங்க கம்பெனி பாத்துட்டாங்க. விக்டோரியா மகாராணி காசு. அஞ்சு லட்சத்துக்கு ஆள் ரெடி. ஆனா சர்ட்டிபிகேட் இல்லாம வாங்க மாட்டாங்க. நீங்க பதினஞ்சாயிரம் மட்டும் போடுங்க, நாங்களே எடுத்துக் குடுத்துடுறோம். வித்த காசுலருந்து அதையும் திருப்பித் தந்துடுவோம்.” கூடவே ஒரு படம் வரும். தங்க நிற முத்திரை, மத்திய வங்கியின் பெயர், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். பணம் போன மறுநாளே இரண்டாவது அழைப்பு: “வரி கட்டணும்.” அதையும் கட்டினால் மூன்றாவது: “வெளிநாட்டு ஆள் பணம் அனுப்பிட்டாரு, கஸ்டம்ஸ்ல நிக்குது.” அதற்கும் கொடுத்த பிறகு அந்த எண் வேலை செய்யாது.

பதினைந்தாயிரம் என்பது நமக்கு என்ன? 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் பதினொரு ‘பேர்’, அதாவது பதினொரு நாள் சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து கிள்ளிய பதினொரு நாள். அதை ஒருவன் ஒரு போன் அழைப்பில் கொண்டு போகிறான். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். பணக்காரனிடம் திருடுகிறவன் வேறு. இவன் தேடித் தேடி லயத்துக்கே வருகிறான். காரணம் அவனுக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்ததையும், தப்பியவர்கள் பூனாகலைப் பாடசாலையில் தங்கியதையும், 2023 மார்ச்சில் கபரகலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படி எல்லாம் இழந்த குடும்பத்தில் கடைசியாகக் கையில் மிஞ்சுவது ஒரு பெட்டியும் அதற்குள் இருக்கிற நாலு காசும்தான். வீடு கட்ட வழி தேடுகிற குடும்பத்திடம் ‘அஞ்சு லட்சம்’ என்று சொன்னால் அந்த வார்த்தை எப்படி வேலை செய்யும் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

இது இலங்கையில் மட்டும் நடப்பதல்ல. இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஓகஸ்ட் 4 அன்று பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. தன்னுடைய பெயரையும் சின்னத்தையும் போட்டு, பழைய காசும் நோட்டும் வாங்க விற்கக் கட்டணம், கமிஷன், வரி என்று சிலர் பணம் பறிக்கிறார்கள்; அப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, அதற்கு யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று சொன்னது. அந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும், ஏனென்றால் நம்முடைய போனில் ஓடுகிற வீடியோக்களில் பாதி அங்கிருந்து வருகிறவை. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன சொந்தங்கள் நமக்கு உண்டு. அத்தை மகன் அனுப்பினான், சித்தப்பா அனுப்பினார் என்று நம்பிப் பார்க்கிறோம். அவர்களும் வேறு யாரோ அனுப்பியதைத்தான் அனுப்பியிருப்பார்கள்.

அந்தப் பக்கத்து ஏமாற்று இன்னும் ஒரு படி மேலே போகும். அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் உள்ள செம்பு என்று ‘ரைஸ் புல்லிங்’ மோசடி தமிழ்நாட்டில் எத்தனையோ பேரைக் கடனாளியாக்கியிருக்கிறது. 2014இல் வந்த ‘சதுரங்க வேட்டை’ படத்தில் பார்த்திருப்பீர்கள். எந்தக் காசும் அரிசியை இழுக்காது. ராமர், அனுமார் படம் போட்டு, ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று பொறித்த செப்பு வில்லை உங்களிடம் இருந்தால், அது பிற்காலத்தில் யாரோ அச்சடித்து விற்றது. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. சாமித் தட்டில் வையுங்கள், கும்பிடுங்கள். விலை பேச வேண்டாம்.

சரி, நம் வீடுகளில் உண்மையில் என்ன காசு இருக்கிறது?

பெரும்பாலும் இந்திய வெள்ளி ரூபா. மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்து வந்த பாட்டன்மார் கோப்பித் தோட்டத்திலும் பிறகு தேயிலையிலும் உழைத்த காலத்தில் இந்தத் தீவில் புழங்கிய பெரிய காசு அதுதான். 1872இல் இலங்கையில் ரூபாவும் நூறு சதமும் என்ற கணக்கு வந்தபோது, மரம் போட்ட கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் ஆகிய செப்புக்காசுகள் புழக்கத்துக்கு வந்தன; அவற்றில் 1870 என்று ஆண்டு இருக்கும். வெள்ளியில் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதம் 1892இல் வந்தது. அதற்கு மேல், புத்த ஜயந்திக்காக 1957இல் அடித்த ஐந்து ரூபா வெள்ளிக்காசு சில வீடுகளில் இருக்கும். கழுத்தில் போட்டிருந்த தங்கப் பவுண் இருந்தால் அது பாக்கியம்.

விக்டோரியா ரூபா ஒன்று கையில் இருந்தால், அதன் எடை புதிதாக இருந்தபோது 11.66 கிராம். அதில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராம். அன்றைய வெள்ளி விலையை ஒரு கிராமுக்கு என்ன என்று கேட்டு, இதனால் பெருக்கிப் பாருங்கள். வருகிற தொகைதான் உங்கள் தரை. அதற்குக் கீழே யாராவது கேட்டால் ஏமாற்றுகிறான். அதைவிட நூறு மடங்கு தருகிறேன் என்று போனில் சொன்னாலும் ஏமாற்றுகிறான். ஏனென்றால் இந்தக் காசுகள் கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டவை. பழையது என்பதாலேயே எதுவும் அரியதாகிவிடாது. இந்த ஒரு விஷயத்தைத்தான் ஏமாற்றுக்காரர்கள் நமக்குத் தெரியாமல் மறைக்கப் பார்க்கிறார்கள். 1957 ஐந்து ரூபாவுக்கும் இதே கணக்குத்தான்: 28.28 கிராம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, சுத்தமாக 26 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பிரித்தானியப் பவுண் 7.98 கிராம், இருபத்திரண்டு கரட். சுத்தத் தங்கம் 7.32 கிராம். நகைக் கடையில் பவுண் என்றால் 8 கிராம் என்றுதான் கணக்குப் போடுவார்கள், அதனால் தராசில் வைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

அரியது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு ரூபாவை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மன்னரின் மேலங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். அந்த ஆண்டுக் காசில் அதன் தும்பிக்கை குட்டையாகி, பன்றி மாதிரித் தெரிந்தது. முஸ்லிம் மக்கள் மனம் நொந்து எதிர்த்ததால் காசைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். தொண்ணூற்று நான்கு இலட்சம் அடித்ததில் ஏழு இலட்சம்தான் வெளியே போயிருந்தது. 1912இல் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். ஆகவே 1911 என்று ஆண்டு போட்டு, யானை அழகாகத் தும்பிக்கை நீட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். ஆறாம் ஜோர்ஜின் 1939 ரூபாவும் கிடைப்பது அபூர்வம். அதனாலேயே அதில் போலி அதிகம்.

நமக்கென்று சொந்தமான ஒன்றும் உண்டு. கோப்பிக் காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு இருந்ததால், கொழும்பில் கோப்பி சுத்தம் செய்த மில்களும் வியாபார நிறுவனங்களும் கூலிக்குப் பதிலாகத் தங்கள் பெயர் பொறித்த வில்லைகளைக் கொடுத்தன. பிறகு போய் அதைக் காசாக்கிக்கொள்ள வேண்டும். பி. லௌஸ்லி 1895இலேயே இந்த வில்லைகளைப் பற்றி எழுதினார், எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் இலங்கைக் காசுகளைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். இப்படி ஒரு வில்லை உங்கள் பெட்டியில் கிடந்தால், அதில் அரசன் தலை இல்லை, அரசாங்கக் காசு மாதிரி இல்லை என்று பழைய செம்பு, பித்தளை எடுக்க வருகிறவரிடம் போட்டுவிடாதீர்கள். வெள்ளி ரூபாவைவிட அதற்கு மதிப்பு கூடுதலாக இருக்கலாம். அது நம்முடைய ஆட்களின் உழைப்புக்கு மிஞ்சியிருக்கிற கொஞ்ச சாட்சிகளில் ஒன்று. விற்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிற ஒன்று: காசைத் தேய்க்காதீர்கள்!

குத்துவிளக்குத் தேய்க்கிற கையோடு, புளியும் சாம்பலும் போட்டுக் காசையும் பளபளவென்று ஆக்கிவிடுகிறோம். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை. காசு சேர்ப்பவர் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். நூறு வருடத்தில் வெள்ளியின் மேல் படிந்த கருமை, செம்பின் மேல் வந்த பழுப்பு, இவைதான் அந்தக் காசு கை படாமல் இருந்ததற்கு அடையாளம். புளி அந்தப் படிவை அரித்துவிடும். சாம்பல் மேலே நுண்ணிய கீறல் போடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எல்லாக் கீறலும் ஒரே பக்கமாக ஓடுவது தெரியும். அதற்குப் பிறகு எந்த மருந்து போட்டாலும் பழைய முகம் வராது. சேர்ப்பவர் கொடுக்கிற விலை பாதிக்கும் கீழே போகும். பிரஷ், பற்பசை, எலுமிச்சை, கோலா எதுவும் வேண்டாம். விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித் தனியாகக் காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மாலையில் கோக்க வளையம் ஒட்டிய காசு என்றால், வளையத்தைக் கழற்றப் போகாதீர்கள். அந்தக் காசுக்கு இனி உலோக விலைதான். கழற்றினால் அதுவும் குறையும்.

அடுத்தது சான்றிதழ். அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறதா? இருக்கிறது. அதனால்தான் ஏமாற்றுக்காரன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான்.

உலகம் முழுக்கக் காசு சேர்ப்பவர்கள் நம்புகிற இரண்டு நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. பிசிஜிஎஸ் 1986இல் வேலை தொடங்கியது. என்ஜிசி 1987இல் வந்தது. காசை அனுப்பினால் அது அசலா என்று பார்த்து, 1 முதல் 70 வரை தரப் புள்ளி போட்டு, ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து, ஓர் எண்ணும் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த எண்ணை அவர்களுடைய இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். தேய்த்த காசு போனால் புள்ளி கிடைக்காது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதி அனுப்புவார்கள். அதாவது அந்தச் சான்றிதழ் காசை விட்டுப் பிரிந்த ஒரு தாள் அல்ல. காசு உங்கள் பெட்டியிலேயே இருக்க, வட்ஸ்அப் படத்தை மட்டும் பார்த்து எவனாவது ‘சர்ட்டிபிகேட்’ தருகிறேன் என்றால் அது வெறும் காகிதம். மத்திய வங்கி வட்ஸ்அப்பில் சான்றிதழ் விற்பதில்லை. போலிப் பேழையும் சந்தையில் உண்டு. எண்ணைத் தட்டி, இணையத்தளத்தில் உள்ள படத்தோடு காசை ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கவும் கூடாது.

அப்படியானால் நாம் அனுப்ப வேண்டுமா? என் முடிவு: நம் வீடுகளில் இருக்கிற காசில் பெரும்பாலானதுக்கு வேண்டவே வேண்டாம். கட்டணம் டொலரில். போக வர அனுப்பும் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்த்தால் பல ஆயிரம் ரூபா போய்விடும். வெள்ளி விலைக்குப் போகிற ஒரு சாதாரண விக்டோரியா ரூபாவுக்கு அதைச் செலவழித்தால் காசையும் விற்றுக் கையிலிருந்தும் போட வேண்டும். 1911, 1939 மாதிரி உண்மையில் அரிய காசு, போலி அதிகம் வருகிற காசு, தேய்க்காமல் நல்ல முகத்தோடு இருக்கிற காசு என்றால் மட்டும் அது பிரயோசனம். அதுவும், விவரம் தெரிந்த இரண்டு பேர் நேரில் பார்த்து, ஒருவரை ஒருவர் கலந்து பேசாமல், “அனுப்பலாம்” என்று தனித்தனியாகச் சொன்ன பிறகு. அவர்களில் ஒருவர்கூட அந்தக் காசை வாங்க ஆசைப்படுகிறவராக இருக்கக் கூடாது.

அந்த விவரம் தெரிந்தவர்களைத் தேட வழி இருக்கிறது. கொழும்பு கோட்டை சதாம் வீதியில், சென்ட்ரல் பொயின்ட் கட்டிடத்தில் மத்திய வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் காசைப் போன்றது அங்கே கண்ணாடிக்குள் இருக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்கலாம். இலங்கை நாணயவியல் சங்கம் இருக்கிறது. அதில் இருக்கிறவர்கள் இதை ஆசையோடு செய்கிறவர்கள். கொழும்புக்குப் போகிற பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் காசைக் கொடுத்துவிடாமல், முதலில் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் தெளிவாகப் படம் எடுத்து, எடையையும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் இன்னொரு ஆபத்து, சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் தொல்பொருட்கள். அவற்றை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்புவது குற்றம். ஒல்லாந்தர் காலத்து விஓசி செப்புக்காசு இதற்குள் வரும். 1815 என்று போட்ட யானைக் காசு சரியாக எல்லையிலேயே நிற்கிறது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் கலாசாரப் பொருட்களின் ஏற்றுமதியையும் வியாபாரத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே பழைய காசு எதையும் தபாலில் போடும் முன், பயணிக்கிற சொந்தக்காரர் பையில் போடும் முன், தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டம் கொத்தும்போதோ மண் சரிந்த இடத்திலோ பழங்காசு கிடைத்தால் அது பாட்டன் சொத்து ஆகாது. மண்ணுக்குள் கிடந்த தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். புதையல் என்று தோண்டப் போய் ரிமாண்டில் இருப்பவர்களைப் பத்திரிகையில் பார்க்கிறோமே!

இந்தச் சட்டத்தை வைத்தே மிரட்டுகிறவனும் வருவான். “அண்ணே, இது தொல்பொருள், வச்சிருந்தா பொலிஸ் புடிக்கும், பேசாம எங்கக்கிட்ட குடுத்துருங்க.” பயந்துவிடாதீர்கள். 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாவோ 1892 ஐம்பது சதமோ அந்த 1815 எல்லைக்கு வெகு பின்னால் வந்தது. பாட்டி கொடுத்ததைப் பேத்தி பெட்டியில் வைத்திருப்பது குற்றமில்லை. மிரட்டுகிறவனை, “வாங்க, பொலிஸுக்கே போய்ப் பேசுவோம்” என்று கூப்பிடுங்கள். வர மாட்டான்.

விற்பதே முடிவென்றால் பண்டாரவளையிலோ பதுளையிலோ ஒரு கடையோடு நிற்காமல் மூன்று கடை ஏறி இறங்குங்கள். ஒருவராகப் போக வேண்டாம். காசைக் கண்ணுக்கு மறைவாக உள்ளே கொண்டுபோக விடாதீர்கள். உள்ளே போன காசும் வெளியே வந்த காசும் ஒன்றா என்று எப்படித் தெரியும்? அதற்காகத்தான் வீட்டிலேயே எடை பார்த்து, கீறல், பள்ளம் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். லொட்ஜ் அறைக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். பெரிய தொகை என்றால் வங்கிக்குள் வைத்துக் கைமாற்றுங்கள். அடையாள அட்டைப் படத்தையும் வங்கியிலிருந்து வருகிற ஓடிபி எண்ணையும் யாருக்கும் அனுப்பக் கூடாது. காசு வாங்குகிறவனுக்கு அது எதற்கு? இன்னொன்று, அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் தெரிய வைத்துவிட்டு விற்றுவிடுங்கள். ஏமாற்றுக்காரன் எப்போதும் “யாருக்கும் சொல்லாதீங்க” என்பான். நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசுகிற வீட்டில் அவன் பருப்பு வேகாது.

கடைசியாக, ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்களுக்கு. நீங்கள் வெட்கப்பட்டு வாய் மூடி இருப்பதை நம்பித்தான் அவன் அடுத்த டிவிஷனுக்குப் போகிறான். அவனுடைய எண், வந்த குரல் பதிவுகள், போலிச் சான்றிதழ் படம், பணம் போட்ட ரசீது எதையும் அழிக்காதீர்கள். முதலில் வங்கிக்கு அழைத்துச் சொல்லுங்கள், பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போடுங்கள். தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆள் நேரில் வந்து மிரட்டினால் 119க்கு அழையுங்கள். அதன் பிறகு பக்கத்து லயத்துக்கும் போய் நடந்ததைச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.